இரண்டாள் வேலை

"இன்னும் இரண்டு தரம்," என்றார் ப்ரெபென், முழங்காலில் நின்றபடி.

மரியதாசன் ஜாக்கியின் கைப்பிடியை அழுத்தினான். கடல் பச்சை நிறக் கார் முனகிக்கொண்டு ஒரு விரற்கடை மேலே வந்தது. நான்கு மூலையிலும் இரும்புத் தாங்கிகளைத் தள்ளிவிட்டு, ப்ரெபென் தன் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலையும், பல்வைத்தியர் வைத்திருப்பதைப் போன்ற ஒரு கண்ணாடியையும் எடுத்தார். மரியதாசன் அந்தச் சுத்தியலையே பார்த்தான்.

கராஜுக்குப் பத்து அடி தள்ளி, வீட்டு முன்னறையில், டென்மார்க் நகரசபையான கொம்யூனிலிருந்து கொண்டுவந்து போட்ட கட்டிலில் அவனுடைய அண்ணன் அந்தோனிதாசன் செத்துக்கொண்டிருந்தார். கணையத்தில் புற்றுநோய். இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில் வந்த தாதி சொல்லிவிட்டாள். அண்ணனோடு ஏழு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவன் மரியதாசன். இன்றைக்குத் தான் குடியிருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வந்திருப்பதும் அவனாக வந்ததல்ல. நேற்று அண்ணி மேரிகிறேஸ்தான் போன் எடுத்தாள்.

"தம்பி, நாளைக்கு சில்க்போர்க்கில இருந்து காரை மதிப்பிடுற ஆள் வருதாம். நீங்கள் பக்கத்தில நிக்கோணும் எண்டு இவர் சொல்லுறார். வேற ஆரும் வேண்டாமாம்."

"கார் மதிப்பிடுற நேரமே அண்ணி இது?"

"நானும் அதைத்தான் கேட்டனான். கேக்கிறாரில்லை. மூண்டு நாளா இந்த ஒரு கதைதான்."

காலையில் பத்து மணிக்கே அவன் அண்ணன் இருக்கும் பிராண்டேக்கு வந்துவிட்டான். ஆனால் ஊர் எல்லையிலிருந்த பெற்றோல் செட்டில் காரை நிறுத்தி, ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தான். யார் முதலில் கதைப்பது, என்ன முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது, அண்ணை மன்னிப்புக் கேட்டால் உடனே சரி என்பதா கொஞ்சம் பொறுத்துச் சொல்வதா என்றெல்லாம் கணக்குப் போட்டான். ஐம்பத்தேழு வயது மனிதன். கோப்பி ஆறிப்போய்த்தான் குடித்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணனின் கண்கள் மூடியிருந்தன.

"பத்தரை மட்டும் கதைச்சவர் தம்பி," என்றாள் அண்ணி. "நீங்கள் வந்திட்டியளோ எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர். பிறகு வலி கூடிப்போச்சு, தாதி ஊசி போட்டவ. இப்ப எழுப்பேலாது."

அந்தக் கார் ஓர் அவாந்தி. அறுபத்து மூன்றாம் ஆண்டு அமெரிக்காவில் செய்தது. ஐயாயிரம்கூடச் செய்திருக்க மாட்டார்கள், அதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். மற்றக் கார்களுக்கு முன்பக்கம் பல்லைக் காட்டுவதுபோலச் சல்லடை இருக்கும், இதற்கு அது கிடையாது. விளக்குச் சுவிட்சுகள் விமானத்தில்போலத் தலைக்கு மேலே. உடம்பு முழுக்க ஃபைபர். இந்தக் கடைசி விஷயம்தான் அண்ணனைக் கவிழ்த்தது. அண்ணனும் தம்பியும் அந்தக் காலத்தில் காற்றாலைகளுக்கு ஃபைபர் மூடி செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை. ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகையில், உடம்பில் மூன்று இடத்தில் வெடித்து, யாரும் தொடாமல் கிடந்த காரைக் கண்டதும் அண்ணை சொன்னார்: "இரும்புக் காரெண்டா எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது. இது ஃபைபர். இது எங்கட வேலையடா."

இரண்டு பனிக்காலம் இருவரும் இதே கராஜில் கிடந்தார்கள். பிராண்டேத் தமிழர்கள் அதற்கு 'அந்தோனிதாசன்ரை சின்னவீடு' என்று பெயர் வைத்தார்கள். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார், அண்ணி சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் அண்ணனுக்கு 'மூலை அந்தோனி' என்று பட்டம். ஃபைபர்த் துணியில் ஒட்டு வெட்டினால் மூலைகளை வளைத்து வெட்ட வேண்டும் என்று எல்லோர் உயிரையும் எடுப்பார். சதுர மூலை என்றைக்கோ ஒருநாள் ஒட்டு விட்டுக் கிளம்பும் என்பது அவர் கட்சி. இருபது குரோணர் நாணயத்தை வைத்துக் கோடு கீறி வெட்டுவார். கடைசிப் பூச்சாக ரெசின் பசை பூசும் முன் பென்சிலால் பெயரின் முதலெழுத்தும் தேதியும் எழுதுவது தொழிற்சாலைச் சட்டம். ரெசின் காய்ந்தால் எழுத்து உள்ளே அழியாமல் நிற்கும். மரியதாசனுக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. அவன் கத்தரிக்கோல் போன வழியில் வெட்டுகிறவன்.

இரண்டாயிரத்து எட்டு மாசியில், வாகனச் சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது, அண்ணை இரவு வேலைக்குப் போயிருந்தார். மரியதாசன் காரின் கீழே கிடந்து, கதவுக்கு நேர் கீழே ஓடுகிற இரும்பை ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தான். ஸ்குரூ டிரைவர் பிடிவரை உள்ளே போய்விட்டது. மற்றப் பக்கமும் அப்படித்தான். அண்ணனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அண்ணை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், கோயிலில் பாதருக்குக்கூடச் சொல்லியிருந்தார். எவ்வளவு பெரிய காற்றாலைக்கு நாங்கள் மூடி செய்கிறோம், இந்தத் துருப்பிடித்த தகரத்துக்கு ஃபைபர் காணாதா என்று அவனும் நினைத்தான். நாலு அடுக்கு ஃபைபர்த் துணியை வைத்து ரெசினை ஊற்றி இரண்டு பக்கமும் மூடினான். மூலைகளை வளைக்கவில்லை, தேதியும் எழுதவில்லை. விடிவதற்குள் மேலே கறுப்புப் பெயின்ற் அடித்துவிட்டான்.

காலையில் வந்த அண்ணை குனிந்து பார்த்தார். "எட, பெயின்ரும் அடிச்சுப்போட்டியே! நீ இல்லாட்டி இந்தக் கார் ரோட்டைக் கண்டிராதடா," என்று அவன் முதுகில் தட்டினார்.

அந்தத் தட்டு இன்றைக்கும் முதுகில் இருக்கிறது. கார் சோதனையில் தேறியது. முதல் ஒரு வருடம் அண்ணை காரை எடுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் மரியதாசனுக்கு நெஞ்சு பக்கென்றது. பிறகு பழகிவிட்டது. பிறகு மறந்துவிட்டது.

அவன் மறக்காதது வேறு. அவன் மகள் அன்னாவுக்குப் பதினைந்து வயதாயிருக்கும்போது அண்ணை சொன்னவர்: "உன்ரை கலியாணத்துக்குப் பெரியப்பா இந்தக் காரிலதான் உன்னைக் கோயில் வாசல்ல கொண்டுபோய் இறக்குவன்." அன்னா அதை நம்பி வளர்ந்தாள். இரண்டாயிரத்துப் பதினாறு ஆடியில் கலியாணம். மாப்பிள்ளை பகுதி ரொறன்ரோ. காரின் படத்தை அவர்களுக்கு அனுப்பியாகிவிட்டது. வைகாசி கடைசியில் நேரம் பேச வந்தபோது அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கார் தரேலாது."

"ஏன்?"

"தரேலாது எண்டாத் தரேலாது. வேற கார் பிடி."

"அப்ப உங்கட காரைக் கட்டிக்கொண்டு அழுங்கோ," என்றுவிட்டு வந்தவன்தான். மாப்பிள்ளை பகுதிக்கு முன்னால் முகத்தில் கரி. கலியாணத்தன்று அண்ணை கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தார், மண்டபத்தில் சாப்பிடாமல் போனார். கஞ்சன், கார்ப் பைத்தியம், சொந்தப் பெறாமகளைவிட ஒரு கார் பெரிதாய்ப் போனவன் என்று மரியதாசன் போன இடமெல்லாம் சொன்னான். அடுத்த மாதமே வேலையையும் விட்டு ஹொல்ஸ்டெப்ரோவுக்குக் குடிபோனான்.

இந்த இரண்டையும், தான் செய்ததையும் அண்ணை செய்ததையும், அவன் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

ப்ரெபென் அவசரப்படாத மனிதர். வாகனச் சோதனை நிலையத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இப்போது பழைய கார்ச் சங்கத்துக்காக மதிப்பிடுகிறார். முதலில் காரின் இரும்புச் சட்டத்தில் அடித்திருந்த இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்திலிருந்த இலக்கத்தையும் ஒப்பிட்டார். எஞ்சின் அந்தக் காருக்கே உரியதுதான் என்று எழுதினார். ஃபைபர் உடம்பை உள்ளங்கையால் நெடுகத் தடவி, "இதை யார் செய்தது? வெடிப்பு எங்கே இருந்ததென்றே கண்டுபிடிக்க முடியவில்லை," என்றார்.

"என் அண்ணா," என்றான் மரியதாசன் டேனிஷில்.

"டென்மார்க்கில் இப்படி வேலை செய்கிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை."

பிறகு சாரதிப் பக்கக் கதவைத் திறந்து மூடினார். கதவு கீழே தொங்கியது. ஒரு கையால் தூக்கிக்கொடுத்தால்தான் பூட்டு விழுந்தது. ப்ரெபென் அதைக் குறித்துக்கொண்டார். விளக்கைப் பிடித்துக்கொண்டு காரின் கீழே போனார். சுத்தியல் டொக், டொக் என்று முன்பக்கமிருந்து வந்தது. கதவுக்கு நேர் கீழே வந்ததும் பொத் என்றது.

"இங்கே இரும்பு இருக்க வேண்டும்," என்று கீழிருந்து அவர் குரல் வந்தது. "இரண்டு பக்கமும் நீளமாக, தொட்டிபோல மடித்த இரும்பு. அமெரிக்காவில் பன்றித் தொட்டி என்பார்கள். உடம்பு முழுவதையும் தாங்குவது அதுதான். இப்போது துருவும் காற்றும்தான் இருக்கிறது. மேலே யாரோ ஃபைபர் ஒட்டி ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்."

"ஃபைபர் பலமானதுதானே," என்றான் மரியதாசன்.

"பலமானதுதான். ஆனால் துருவில் அல்லவா ஒட்டியிருக்கிறது? பக்கத்தில் ஒரு வாகனம் வந்து இடித்தால் கதவும் தரையும் தனித்தனியாகப் போய்விடும். உள்ளே ஆள் இருந்தால்..." ப்ரெபென் சுத்தியலைக் கீழே வைத்தார். "நான் இதை எழுதத்தான் வேண்டும். இந்தக் காரை யாரும் ஓட்டக்கூடாது."

மரியதாசன் தரையில் குந்தினான். வருடக்கணக்காக அண்ணை இதில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியை ஏற்றிக்கொண்டு போனவர். கடவுளே, அன்னாவும் ஒருமுறை போயிருக்கிறாள்.

"இன்றைக்கு எழுத வேண்டாம்," என்றான். "அண்ணா அந்த அறையில் இருக்கிறார். அவருக்கு இது தெரியாது. இது தெரிந்து அவர் போகக்கூடாது. தயவுசெய்து."

ப்ரெபென் விளக்கை இன்னும் கிட்டப் பிடித்தார். பிறகு, "அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வந்து பார்," என்றார்.

மரியதாசன் முதுகால் ஊர்ந்து உள்ளே போனான். விளக்கு வெளிச்சத்தில் அவனுடைய கறுப்புப் பெயின்ற் தெரிந்தது. பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அதன் நான்கு சதுர மூலைகளும் தெரிந்தன. இரண்டு மூலை கிளம்பியிருந்தது. அதன் நடுவில் யாரோ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டி உள்ளே பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் புதுத் துணி வைத்து மூடியிருக்கிறார்கள். அந்த ஒட்டுக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நான்கு மூலையும் நாணயம் வைத்து வளைத்து வெட்டியது. ரெசினுக்கு உள்ளே அண்ணனின் பென்சில் எழுத்து: ஏ. டி. 14.5.16.

அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். வைகாசி பதினாலு. அவன் கலியாணத்துக்குக் கார் கேட்டு வந்தது வைகாசி கடைசி.

அண்ணை கலியாணத்துக்காகக் காரைத் தயார்ப்படுத்தப் போய்த்தான் அதைக் கண்டிருக்கிறார். கண்டதும் யாருடைய கை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஏன் தரேலாது என்று கேட்டபோது, 'நீ செய்த வேலையால்தான்' என்ற ஒரு வசனம் போதும். அந்த வசனத்தைச் சொல்லாமல் சுவரைப் பார்த்தார். தம்பிக்கு முகத்தில் கரி விழாமல் அந்தக் கரியைத் தானே பூசிக்கொண்டு ஏழு வருடம் இருந்துவிட்டார். கஞ்சன் என்று அவன் ஊரெல்லாம் சொன்னது அவர் காதுக்கும் வந்திருக்கும். மரியதாசனுக்குக் காரின் அடிப்பாகம் முகத்துக்கு மேல் இறங்குவதுபோல இருந்தது.

வெளியே வந்து சில்லைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"தெரிந்திருந்தால் அவர் ஏன் திருத்தவில்லை?" என்று கேட்டான். யாரிடம் கேட்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ப்ரெபென் கைகளைத் துடைத்துக்கொண்டு கராஜை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கூரைக்குக் கீழே குறுக்குச் சட்டத்தில் நீளமான ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. ஏணியை வைத்து அதை இறக்கினார்கள். ஆளுயரம் இருந்தது, பாரமாகவும் இருந்தது. மேலே அமெரிக்க முகவரி, பதினாறாம் ஆண்டு ஆனி மாதச் சுங்கச் சீட்டு. நாடா பிரிக்கப்படவேயில்லை.

"இதோ," என்றார் ப்ரெபென், சீட்டை வாசித்து. "புதுத் தொட்டி இரண்டும் வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் இது தனியாள் வேலையில்லை. ஒருவர் கீழே கிடந்து ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் அடுத்த முனையில் ஆணி பூட்ட வேண்டும். என்னைக் கேட்டிருந்தால் நானே வந்திருப்பேன்."

கராஜில் எல்லாவற்றிலும் அண்ணை வெள்ளை நாடா ஒட்டித் தமிழில் பெயர் எழுதி வைத்திருப்பார். 'இடது கண்ணாடி ஆணி', 'நல்ல வயர்', 'உதவாது, எறியாதே' என்று. இந்தப் பெட்டியின் தலைப்பிலும் ஒரு நாடா இருந்தது. தூசியைத் துடைத்துவிட்டு மரியதாசன் வாசித்தான்.

'தம்பி வந்தாப் பிறகு.'

"என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார் ப்ரெபென்.

"பிறகு என்று எழுதியிருக்கிறது," என்றான் மரியதாசன்.

ப்ரெபென் தலையாட்டினார். படிவத்தை மடித்து ஆசனத்தில் வைத்துவிட்டு, ஜாக்கியையும் தாங்கிகளையும் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முன்னறையில் வெளிச்சம் மங்கலாக இருந்தது. வெளியே மழைத் தூறல். அண்ணி கட்டிலின் ஒரு பக்கத்தில் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தாள். அண்ணனின் மூச்சு வந்தது, நின்றது, நெடுநேரம் கழித்து அடுத்தது வந்தது.

"அந்தாள் போட்டுதே? என்ன சொன்னது?" என்று கேட்டாள் அண்ணி.

"பிறகு சொல்லுறன் அண்ணி."

மறுபக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். அண்ணனின் கையைத் தூக்கித் தன் கைக்குள் வைத்தான். ரெசின் பட்டுப் பட்டுத் தடித்த விரல்கள், எலும்பாகிவிட்ட கையில் அவை மட்டும் மெலியவில்லை. மரியதாசன் குனிந்து காதுக்குள் சொன்னான்.

"அண்ணை. பாத்தனான். நீங்கள் வெட்டி மூடினதைப் பாத்தனான். அது நான்தான் அண்ணை. நீங்கள் நைட் வேலைக்குப் போன அண்டைக்கு. சொல்லியிருக்கோணும், சொல்லேல்லை. நீங்கள் சந்தோசமா இருந்தியள், எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. நீங்கள் அப்பவே எனக்கு அடிச்சிருக்கலாம். ஏசியிருக்கலாம். ஏன் அண்ணை சொல்லேல்லை? பெட்டியைக் கண்டனான். வாற கிழமை ரெண்டு பேருமாப் போடுவம். நான் கீழ கிடக்கிறன், நீங்கள் மேல நிண்டு..."

அண்ணி அவன் தோளைத் தொட்டாள்.

"தம்பி," என்றாள். "மூச்சு வரேல்லை."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. எப்போது நின்றது என்று அண்ணிக்கும் தெரியவில்லை. தான் சொன்னதில் எந்தச் சொல்வரை அண்ணை இருந்தார் என்பது மரியதாசனுக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஒரு சொல்லுக்கும் இருக்கவில்லையோ என்னவோ. ஒரு மணித்தியாலம் பெற்றோல் செட்டில் இருந்து குடித்த கோப்பி நெஞ்சில் கசந்தது.

அண்ணி அழவில்லை. எழும்பிப் போய் அவருடைய வாயை மெல்ல மூடிவிட்டாள், போர்வையை நேராக்கினாள். பிறகுதான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ," என்று ஒருதரம் கூப்பிட்டாள்.

தாதி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த நாட்டு வழக்கப்படி ஆவி வெளியே போக ஜன்னலைத் திறந்துவைத்தாள். ஈரக் காற்று உள்ளே வந்தது. மரியதாசன் அன்னாவுக்குப் போன் எடுத்தான். "பெரியப்பா போட்டார்," என்றான். அவள் டேனிஷில் ஏதோ கேட்டாள், அழுதாள். கார் விஷயத்தைச் சொல்ல வாய் திறந்தான், வரவில்லை. இதையும் பிறகு சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் கண்டு அவனுக்கே பயமாக இருந்தது.

"அன்னா, போனை வை. இல்லை, வைக்காதை," என்றான். "அந்தக் கார் விசயத்தில பிழை பெரியப்பாவில இல்லை. என்னில."

அவன் முழுவதையும் சொல்லி முடித்தபோது, "அப்பா, அவரிட்டச் சொன்னீங்களா?" என்று அவள் தமிழில் கேட்டாள்.

நாலு மணிக்குப் பக்கத்துத் தெருக்களிலிருந்து சனம் வரத் தொடங்கியது. பெண்கள் கட்டிலைச் சுற்றி இருந்து செபமாலை தொடங்கினார்கள். ஆண்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்கள். இரண்டு பேர் மரியதாசனைக் கண்டு, "வந்திட்டாய், நல்லது," என்றார்கள். அவன் அவர்களைத் தாண்டிக் கராஜுக்குப் போனான்.

விளக்கைப் போட்டான். பெட்டியின் நாடாவைப் பேனாக்கத்தியால் வெட்டினான், எழுத்திருந்த நாடாவை வெட்டாமல் சுற்றி வெட்டினான். எண்ணெய்க் கடதாசிக்குள் இரண்டு தொட்டிகளும் துரு படாமல் இருந்தன. ஒன்றை இழுத்து எடுத்து, மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சேட்டோடு காரின் கீழே ஊர்ந்து போனான்.

முன்முனையை இரண்டு கையாலும் தூக்கி, கதவுக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் பிடித்தான். பின்முனை சரிந்து சீமெந்தில் விழுந்தது. சத்தம் திறந்திருந்த ஜன்னல்வரை கேட்டிருக்க வேண்டும், செபம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. அவன் கீழாக நகர்ந்து பின்முனையைத் தூக்கினான். முன்முனை விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டுத் திரும்பவும் முன்முனையைத் தூக்கினான்.